டார்ச்சுக்குச் செத்த பேட்டரி

ஹொசதோட்ட, சிர்சி
நாகபஞ்சமிக்கு மறுநாள்

தம்மா ஸ்ரீபாதா,

உன்னைப் பெற்ற ஆயி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நாங்கள் நான்கு பேரும் நலம், கடல்மேல் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எல்லாக் கடிதத்திலும் இந்த வரியைக் கை தானாக எழுதிவிடும், இந்த முறை அப்படி எழுதவில்லை. உன் மகள் அவனி நன்றாக இருக்கிறாள், காலையில் குழைந்த சோறும் மோர்த் தம்புளியும் சாப்பிட்டுவிட்டு இப்போது என் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டிருக்கிறாள். இதை முதலில் மனதில் வாங்கிக்கொள், உட்கார்ந்துகொள், அப்புறம் மேலே படி. போன மாதம் நீ போன் செய்தபோது குழந்தையின் குரல் ஏன் இப்படிக் கரகரவென்று இருக்கிறது என்று கேட்டாய், மழைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று சொன்னேன். அது உண்மையில்லை. உன் பெண்டாட்டி சைத்ரா அன்றைக்கே உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றாள், கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது அவன் என்ன செய்வான், எங்கே ஓடுவான் என்று நான்தான் தடுத்தேன். இப்போது டாக்டர் பயமில்லை என்று சொல்லிவிட்டார். ஹொன்னாவரத்து நித்யானந்தன் உன் கப்பலில் ஏற வருகிறான், அவன் கையில் இதையும் ஒரு டப்பா தொடதேவு இனிப்பும் கொடுத்து அனுப்புகிறேன். உன் பெண்டாட்டி, நீங்களே எழுதுங்க அத்தே, நான் போன்ல ஆரம்பிச்சா அழுதுருவேன், அவரு என்னமோ ஏதோன்னு கப்பலையே திருப்பச் சொல்லுவாரு என்றாள். அதனால் நானே எழுதுகிறேன்.

நீ போன தடவை வந்தபோது சிங்கப்பூரிலிருந்து சாவிக்கொத்தில் மாட்டுகிற குட்டி டார்ச்சுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து நம் கேரித் தெருவில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தாயே, ஞாபகம் இருக்கும். நீ கொண்டுவந்தாய் என்று இதை உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது, உன் அப்பய்யாவுக்கு எல்லோரையும்விடப் பிடித்திருந்தது. பெரிய டார்ச்சைத் தொடவே மாட்டார், மாட்டுக்கொட்டகைக்கும் குட்டிதான், தோட்டத்துக்கும் குட்டிதான். ஒரு வருஷம் வரும் என்று நீ சொல்லியிருந்தாய். சாவித் துவாரம் தேடுகிற நேரத்துக்கு மட்டும் எரித்தால் ஒரு வருஷம் வரும்தான், இவர் பசு கன்று போட்ட நாட்களில் அதைக் கொட்டகை ஆணியில் மாட்டி எரியவிட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வார். மழை ஆரம்பிப்பதற்குள்ளேயே வெளிச்சம் மங்கிப்போனது. ஸ்ரீபாதன் ஏமாந்து வாங்கிட்டான் என்று கொஞ்ச நாள் உன்னைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சிர்சிப் பேட்டையில் வாட்ச் கடையில் போய்ப் புதுப் பேட்டரி கேட்டிருக்கிறார். பழையதைக் கையில் கொண்டுபோகவில்லை, ஐந்து ரூபாய்க் காசு மாதிரி வட்டமாக இருக்கும் என்று கையால் காட்டியிருக்கிறார். கடைக்காரன் எல்லோரும் வாங்குகிற தடித்த வகையில் இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

டார்ச்சுக்குள் இருந்ததோ இரண்டு மெல்லிய பேட்டரி, ஒன்றின்மேல் ஒன்றாக. அகலம் இரண்டு வகைக்கும் ஒன்றேதான், தடிப்பில்தான் வித்தியாசம். அந்தக் குழியில் தடித்தது ஒன்றுதான் உட்காரும். ஒன்றைப் போட்டால் மூடி அழகாக மூடியது, வெளிச்சம் மட்டும் மின்மினி அளவுக்கு வந்தது. இருந்த இடத்துல ரெண்டு இருந்தா ரெண்டுதான் போடணும் என்று இவர் இரண்டு தடித்ததையும் அடுக்கி அழுத்தினார். மூடி வாய் பிளந்துகொண்டு நின்றது. ஆனால் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தால் பளிச்சென்று எரிந்தது. உடனே பம்பு வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி, பாத்தியா பாகீரதி, இதுக்கெல்லாம் இஞ்சினியர் வேணுமா என்று வெளிச்சத்தை என் முகத்தில் அடித்துக் காட்டினார். நானும் சிரித்தேன். டேப் சுவிட்சையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது, அது சட்டைப் பைக்குள்ளேயே எரிந்து எரிந்து ஒரு வாரம்கூட வராமல் செத்தது. செத்த டார்ச் இனி எதற்கு என்று அதைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டார். அவளும் அஜ்ஜ கொடுத்தது என்று அதை விடாமல் வைத்துக்கொண்டு தரையில் தட்டித் தட்டி விளையாடினாள். நம் வீட்டில் குழந்தை பிறந்ததிலிருந்து நாங்கள் எதற்கெல்லாம் பயந்தோம் என்று உனக்குத் தெரியும். கிணற்றுக்கு மூடி போட்டோம், மருந்தடிக்கிற மயில்துத்தத்தை மாடியில் பூட்டி வைத்தோம், விறகுக் குவியலில் பாம்பு இருக்கும் என்று அந்தப் பக்கமே விடவில்லை. கையில் கொடுத்த பொம்மையைப் பார்த்து யார் பயப்படுவார்கள்.

அது நடந்த அன்று முற்பகல், நல்ல மழை, கரண்ட் இல்லை. உன் அப்பய்யா பாக்குக்கு மருந்தடிக்க முடியவில்லையே என்று ஊஞ்சலில் உட்கார்ந்து மழையைத் திட்டிக்கொண்டிருந்தார், சைத்ரா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை ஒரு தரம் இருமினாள். அந்த இருமல் எனக்குச் சரியாகப் படவில்லை, கரண்டியோடு வெளியே வந்து பார்த்தேன். ஈரத்தில் டேப் பசை விட்டுச் சுருண்டு கிடந்தது, மூடி ஒரு பக்கம், டார்ச் ஒரு பக்கம், தரையில் பளபளவென்று ஒரே ஒரு பேட்டரி. குழந்தை அழவில்லை, உட்கார்ந்து என்னைப் பார்த்தாள், வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. வாயைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. சைத்ரா இறங்கி ஓடிவந்து, இன்னொண்ணு எங்கே என்றாள். பாயைத் தூக்கினோம், ஊஞ்சலுக்கு அடியில் தேடினோம், வாசல்படி இடுக்கில் குச்சி விட்டுப் பார்த்தோம். பால் கொடுத்தால் உதட்டிலேயே தள்ளிவிட்டாள். உன் அப்பய்யா, இன்னொண்ணு எங்க இருக்கு, அதுல ஒண்ணுதான் இருந்திருக்கும், மத்ததை எடுத்து அடுக்களையில இருக்கற எலக்ட்ரானிக் தராசுக்குப் போட்டேன், போட்ட மாதிரிதான் ஞாபகம் என்றார். மழைக்கு ஒதுங்கிய பக்கத்து வீட்டுச் சுப்ராய பட்டர் உன் அப்பய்யாவிடம், அப்படியே முழுங்கியிருந்தாலும் என்ன ஹெகடேரே, எங்க வீட்டுப் பொடிசு எட்டணாவையே முழுங்கிச்சு, வாழைப்பழம் குடுத்தோம், மறுநாள் வெளியில வந்துருச்சு என்றார். செத்த பேட்டரிதானே, காசு மாதிரிதான் என்று இவரும் சொன்னார். எனக்கும் அதைக் கேட்டு மூச்சு வந்தது, பழத்தாரைப் பார்த்து நடந்தேன் என்று உன்னிடம் மறைக்கமாட்டேன்.

சைத்ரா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தரையில் கிடந்த பேட்டரியை எடுத்து டார்ச் குழிக்குள் போட்டாள், மூடியை வைத்து அழுத்தினாள். டக்கென்று மூடிக்கொண்டது, டேப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். அதை உன் அப்பய்யா முன்னால் நீட்டி, மாவா, ஒண்ணுதான் இருந்துச்சுன்னா டேப் எதுக்கு என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள், குரலைக்கூட உயர்த்தவில்லை. அவர் அடுக்களைக்கு ஓடித் தராசைக் கவிழ்த்துப் பார்த்தார். அதில் பேட்டரியே இல்லை, போட வேண்டும் என்று நினைத்ததைப் போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தராசைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் திரும்பிய முகத்தை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை தம்மா.

உனக்குத் தெரியும், நம் வீட்டில் சிக்னல் தோட்டத்து மேல்வரப்பில்தான். சைத்ரா மழையில் குழந்தையோடு அங்கே ஏறிப்போய் சிர்சி டாக்டர் காமத்தம்மாவுக்குப் போன் செய்தாள், நான் பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அந்தம்மா கேட்டதெல்லாம் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. வட்டப் பேட்டரியா, நிச்சயமா, குழந்தைக்கு ஒரு வயசு தாண்டிருச்சா என்று கேட்டார். தாண்டிவிட்டது என்றதும், வீட்டுல தேன் இருக்கா, கெளம்புங்க, வழியில கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் ஒரு சின்ன ஸ்பூன் தேன் மட்டும் குடுங்க, தேனுக்காக ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க, பழம் கிழம் எதுவும் வேண்டாம், வாந்தி எடுக்க வைக்காதீங்க என்றார். சைத்ரா, செத்துப்போன பேட்டரிதான் டாக்டர் என்று சொன்னாள், பாவம், அவளும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். அதற்கு அந்தம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. டார்ச்சுக்குத்தாம்மா அது செத்தது, தொண்டைக்குச் சாகலை, எச்சில் பட்டா உள்ளேயே எரிக்க ஆரம்பிக்கும், பேசிட்டு நிக்காதீங்க என்றார். ஒரு டார்ச்சை எரியவைக்க வக்கில்லாத பொருள் ஒரு குழந்தையின் தொண்டையை எரிக்கும் என்றால் இதை எங்கே போய்ச் சொல்வது, யார் நம்புவார்கள். நான் இன்னும் நம்பி முடிக்கவில்லை.

வாழைப்பழம் சொன்ன அதே சுப்ராய பட்டர்தான் அடுத்த நொடி ஆம்னி வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார், அவர் பெண்டாட்டி நாகவேணி அவர்கள் வீட்டுத் தேன் பாட்டிலை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டாள். முதல் ஸ்பூனைக் குழந்தை விழுங்கினாள், அடுத்ததற்கு முகம் சுளித்துக்கொண்டு விழுங்கினாள், அதற்கடுத்து என் கையைத் தட்டிவிட்டாள். சைத்ரா அவள் காதில் ஏதோ பாட்டைப் பாடிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டாள். உன் அப்பய்யா முன் சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். சிர்சியில் ஜெனரேட்டர் போட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்குழியின் மேலே, ஒரு வட்டம், அதற்குள் இன்னொரு மெல்லிய வட்டம். காசாக இருந்தால் ஒரே வட்டமாக இருக்கும், இது பேட்டரிதான், அங்கேயே சிக்கிக்கொண்டிருக்கிறது என்றார் காமத்தம்மா. இங்கே எடுக்க வசதியில்லை என்று ஹூப்ளியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே போன் போட்டுச் சொல்லி, ஆம்புலன்ஸில் ஏற்றி, தானும் கூட ஏறிக்கொண்டார். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வழியில் குழந்தைக்கு ஒரு தரம் வாந்தி வருகிற மாதிரி வந்து அடங்கியது, அப்புறம் கண் செருகியது, சைத்ரா, அவனி அவனி என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். ரோடெல்லாம் குழி, மழைத் தண்ணீர், முன்னால் பாரம் ஏற்றிய ஒரு லாரி. கடவுள் பெயரைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அங்கே வாசலிலேயே காத்திருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மயக்க மருந்து கொடுத்து வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். எடுத்த டாக்டர் இளவயதுக்காரர், வெளியே வந்து ஒரு சின்னக் கிண்ணத்தைக் காட்டினார். நாங்கள் தரையில் பார்த்தது பளபளவென்று இருந்தது, இது ஒரு பக்கம் கரிபிடித்துக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு என் பேத்தியின் சதை. தொண்டைக் குழாயில் புண் ஆகியிருக்கு, ஓட்டை விழலை, இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டு இருப்பேன் என்றார் அவர். வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு மறுநாள் வரைக்கும் பார்த்திருந்தால் என்ற நினைப்பு அப்போதுதான் எனக்கு வந்தது. மூக்கு வழியாகக் குழாய் வைத்துப் பல நாள் பால் கொடுத்தார்கள். புண் ஆறுகிறபோது தொண்டைக் குழாய் சுருங்கிவிடக்கூடும், ரத்தம் வரக்கூடும், வீட்டில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். போன வாரம் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஆறிவிட்டது, சுருக்கம் இல்லை. குரல் மட்டும் கொஞ்சம் தடித்திருக்கிறது, அதுவும் போகும் என்கிறார்கள். இன்னும் இரண்டு தரம் காட்ட வேண்டும், சைத்ரா தவறவிடமாட்டாள். நீ நல்ல பெண்ணைத்தான் கட்டியிருக்கிறாய், இதை நான் அவளிடம் சொல்லவில்லை, நீ சொல்லிவிடு.

ஊருக்கு வந்த மறுநாள் நானே வீடு வீடாகப் போய் நீ கொடுத்த டார்ச்சுகளையெல்லாம் திருப்பிக் கேட்டேன். கோடித்தோட்டத்துச் சாவித்ரி, என்ன பாகீரதியக்கா, குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது நம்ம பக்கம் வழக்கமில்லையே, மகனுக்குச் சம்பளம் கொறைஞ்சு போச்சா என்று சிரித்தாள். நடந்ததைச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள், பேரனின் தொட்டில் கயிற்றில் கலர் நன்றாக இருக்கிறது என்று அதைத்தான் தொங்கவிட்டிருக்கிறாள், மூடியில் பல் பட்ட தடம் இருந்தது. அவளே கயிற்றை அவிழ்த்து அதை என் கையில் போட்டாள். சில டார்ச்சுகளில் மூடிக்குச் சின்ன ஸ்குரூ இருந்தது, அவற்றைத் திருகிக் கெட்டியாக்கிப் பெரியவர்களிடமே விட்டுவிட்டேன். வெறுமனே அமுக்கி மூடுகிறவை எல்லாவற்றையும் கொண்டுவந்து, பேட்டரிகளின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டிச் சிர்சி வாட்ச் கடைக்கே கொடுத்தனுப்பினேன். அவற்றில் பாதி செத்தவைதான், ஆனாலும் நான் கைவிரல் நுனியால்தான் தொட்டேன். கப்பலில் யாராவது வீட்டுக்குப் பொம்மை வாங்கினால் மூடியில் ஸ்குரூ இருக்கிறதா என்று பார்க்கச் சொல். அந்தத் தடிப்புக்குப் பதில் இந்தத் தடிப்பு என்று எதையும் திணித்து ஒட்டவேண்டாம் என்றும் சொல். வயதான ஒருத்தி சொன்னாள் என்று சொன்னால் கேட்பார்கள்.

இப்போது நான் இதையெல்லாம் எழுதியதற்கான காரணத்துக்கு வருகிறேன். உன் அப்பய்யா சரியாக இல்லை. விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுகிறார், சாப்பிடக் கூப்பிட்டால் வந்து தட்டில் கையை வைத்துவிட்டு எழுந்துபோகிறார். குழந்தை அஜ்ஜ அஜ்ஜ என்று அந்தத் தடித்த குரலில் கூப்பிட்டுக்கொண்டு தவழ்ந்து போனால் எழுந்து வேறு பக்கம் போகிறார், அந்தக் குரலை அவரால் கேட்க முடியவில்லை. நேற்றுப் பஞ்சமிக்குப் புற்றுக்குப் பால் ஊற்றக்கூட வரவில்லை. சைத்ரா அன்று டேப் எதுக்கு என்று கேட்டதோடு சரி, அதற்குப் பிறகு அவரிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, காப்பி கொடுக்கிறாள், துணி மடித்து வைக்கிறாள். அவர் ஒருநாள் என்னிடம், அவ என்னை வாய் நிறையத் திட்டியிருந்தா நான் சோறு திம்பேன் பாகீரதி என்றார். நான் போய் அவளிடம் அதைச் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, ஆரம்பிச்சா என்னால நிறுத்த முடியாது அத்தே, அப்புறம் இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்க முடியாது, அதான் என்றாள். அவள் சொன்னதும் சரிதான். நான் திட்டிப் பார்த்தேன், நாற்பது வருஷமாக நான் திட்டுவது அவர் காதில் ஏறுவதில்லை.

அதனால் நீ செய். முதலில் சைத்ராவோடு பேசு, அவள் அழட்டும், நீயும் அழு, அது உங்கள் பாடு. அப்புறம் அப்பய்யாவுக்குத் தனியாகப் போன் போடு. பரவாயில்லை அப்பய்யா, தெரியாமல் நடந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதே, கேரியில் வந்தவர் போனவர் எல்லோரும் அதைச் சொல்லித்தான் அவர் இப்படி ஆகிவிட்டார். நீ அவளுடைய அப்பன், உனக்கு உரிமை இருக்கிறது, அவரைத் திட்டு. மனதில் வருகிறதையெல்லாம் திட்டு, மூத்தவர் என்று பார்க்காதே, அந்தப் பாவம் வந்தால் என் கணக்கில் வரட்டும். திட்டி முடித்ததும் பாக்குக்குக் கொளே என்கிற அழுகல் நோய் வந்திருக்கிறதா, எத்தனை தரம் மருந்தடித்தீர்கள் என்று கேள். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் அவர் சாப்பிட வந்துவிடுவார்.

உடம்பைப் பார்த்துக்கொள், மழைக்காற்றில் மேல்தளத்தில் தலை நனைய நிற்காதே. மாரிகாம்பை அம்மன் உன்னையும் உன் கப்பலில் உள்ள அத்தனை பிள்ளைகளையும் கரை சேர்க்கட்டும். தொடதேவை நித்யானந்தனுக்கும் கொடு, அவனே தின்று தீர்த்திருந்தால் ஒன்றும் சொல்லாதே. ஒன்றே ஒன்று மறக்காதே. நீ கூப்பிட்டால் உன் அப்பய்யா போனை எடுப்பார், எடுத்துவிட்டுப் பேசமாட்டார், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே.

என்றும் உன் நலம் வேண்டும்
ஆயி
பாகீரதி